சாபு தாளத்தை நிமிர்த்தத் தேவையில்லை: ஒரு பல்கேரிய இசைமேதை காட்டிய வழி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் தங்கள் வாரமலரில் நாதஸ்வரம், தவில் ஆகியவற்றோடு மேலைத்தேய வாத்தியங்களைச் சேர்த்து வாசிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் அதில் ஓரிடத்தில், மிஸ்ரசாபு (ஏழெண்ணிக்கை), கண்டசாபு (ஐந்தெண்ணிக்கை) போன்ற தாளங்களை மேலைத்தேய வாத்தியக்குழு தாங்காது, ஆகவே சேர்ந்து வாசிக்கும்போது உருப்படியை நாலெண்ணிக்கைக்கு நிமிர்த்திக் கொள்வதே நடைமுறைக்கு உகந்தது என்று எழுதப்பட்டிருந்தது. இந்தக் கருத்தை மேடைகளிலும் அடிக்கடி கேட்கிறோம். இது சரியல்ல. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முழு சிம்பொனிக் குழுவை ஏழிலும் ஐந்திலும் ஓட வைத்த நாடு ஒன்று இருக்கிறது. அந்த நாட்டின் பெரிய இசையமைப்பாளரான பஞ்சோ விளாதிகெரொவ் என்பவரைப் பற்றி நம் வாசகர்களும், முக்கியமாக மருதனார்மடத்திலும் பாடசாலைகளிலும் இசை படிக்கும் பிள்ளைகளும் அறிந்திருப்பது பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தாளக் கணக்கு. பல்கேரிய நாட்டார் ஆட்டங்களில் பல இரண்டும் மூன்றும் கலந்த எண்ணிக்கையில் நடப்பவை. றச்செனிற்சா என்ற ஆட்டம் ஏழு: தக திமி தகிட, அதாவது 2+2+3. பைதுஷ்கோ ஐந்து: தக தகிட. தைச்சோவோ ஒன்பது: தக திமி தக தகிட. கொபானிற்சா பதினொன்று: தக திமி தகிட தக திமி. பைதுஷ்கோ நம்முடைய கண்டசாபுவேதான், கூட்டிக் குறைக்க எதுவுமில்லை. மிஸ்ரசாபு வழமையில் தகிட தகதிமி என்று மூன்றில் தொடங்குகிறது. றச்செனிற்சா அதைத் திருப்பி மூன்றைக் கடைசியில் வைக்கிறது. நம்மவர்கள் விலோமம் என்று சொல்கிற அதே திருப்பம். மூன்றை முன்னால் வைத்து 3+2+2 ஆகச் செல்லும் நிதானமான ஆட்டமும் அந்தப் பக்கத்தில், முக்கியமாக மசிடோனியப் பகுதியில் உண்டு; அதற்கு நம் மிருதங்க மாணவர் ஒருவர் ஒரு மாற்றமும் இல்லாமல் வாசிக்கலாம்.

வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. றச்செனிற்சாவில் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு வினாடியில் முடிந்துவிடும். அப்படியென்றால் நிமிடத்துக்கு நானூறுக்கும் மேற்பட்ட அட்சரங்கள் (தாள எண்ணிக்கைகள்). அந்த வேகத்தில் யாரும் ஏழு எண்ணுவதில்லை. ஆடுகிறவரின் கால் மூன்று தடவைதான் நிலத்தைத் தொடுகிறது: குறில், குறில், நெடில். நெடில் குறிலைப்போல் ஒன்றரை மடங்கு. இந்தக் கணக்கு பிடிபட்டால் மற்றதெல்லாம் பிடிபடும்.

பல்கேரியா 1878 இல்தான் ஒட்டோமன் ஆட்சியிலிருந்து விடுபட்டது. அரண்மனைகளும் பிரபுக்களும் வளர்த்த வாத்தியக்குழு மரபு அங்கே இருக்கவில்லை. ஷுமென் என்ற ஊரில் 1851 இல் முதலாவது வாத்தியக்குழுவை அமைத்தவர் மிஹாய் ஷஃப்ரான் என்ற ஹங்கேரியர். ஹங்கேரியப் புரட்சி தோற்றபின் அதன் தலைவர் கொஷூத்தோடு அங்கு வந்து சேர்ந்த அகதிகளில் ஒருவர் அவர். விளாதிகெரொவ் வளர்ந்தது அதே ஷுமெனில்.

பிறந்தது 1899 மார்ச் 13, சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், இரட்டையரில் ஒருவர். மற்றவர் லியூபென், வயலின் கலைஞர். தகப்பன் ஹரலான் சட்டத்தரணி. தாய் எலிசா பஸ்ரர்நாக் ரஷ்ய யூத வம்சத்து மருத்துவர். 1908 இல் தகப்பன் இறந்தபின், 1910 இல் குடும்பம் தலைநகர் சோஃபியாவுக்கு வந்தது. அங்கே தோப்ரி ஹ்ரிஸ்தோவிடம் இயற்றல் பாடம். இந்த ஹ்ரிஸ்தோவ் லேசுப்பட்டவரல்ல. பல்கேரிய நாட்டார் இசையின் தாள அடிப்படையை ஒழுங்காக எழுத்தில் வகுத்தவர் அவர். அந்தக் கட்டுரை 1913 இல் வெளிவந்தது. இரண்டும் மூன்றும் கூடுவதாக இந்தத் தாளங்களை விளங்கிக்கொள்ளும் முறை மாணவனுக்குச் சிறு வயதிலேயே ஆசானிடமிருந்து கிடைத்திருக்கிறது. ஹங்கேரிய இசைமேதை பார்ட்டொக் இந்தத் தாளங்களுக்கு ‘பல்கேரியத் தாளம்’ என்ற பெயரை உலகறியச் செய்தது இதற்கு வெகுகாலம் பிந்தித்தான்.

1912 இல் அரச புலமைப்பரிசிலோடு இரட்டையர் இருவரும் பேர்லின் போனார்கள். இயற்றலுக்குப் பவுல் யுவோன், பியானோவுக்கு ஹைன்றிச் பார்த். வயலின், பியானோவுக்கான டி மேஜர் சொனாற்றா, அவருடைய முதலாவது இலக்கமிட்ட படைப்பு, 1914 இல் வந்தது. முதலாவது பியானோ கொன்சேட்டோவை, அதாவது தனி வாத்தியமும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை, எழுதும்போது வயது பத்தொன்பது. பல்கேரியர் ஒருவர் எழுதிய முதலாவது பியானோ கொன்சேட்டோவும் அதுதான். மெண்டல்ஸோன் பரிசு 1918 இலும் 1920 இலும் இரு தடவை கிடைத்தது. 1921 இல் முதலாவது வயலின் கொன்சேட்டோவை பேர்லின் ஃபில்ஹார்மோனிக் குழு வாசித்தது. நடத்தியவர் ஃபிறிற்ஸ் றைனர், வயலின் குஸ்ராஃப் ஹவெமன். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இது சின்ன விஷயமில்லை.

அதன்பின் 1932 வரை நாடக நெறியாளர் மக்ஸ் றைன்ஹார்ட்டின் டொய்ச்செஸ் தியேற்றர் என்ற பேர்லின் நாடக அரங்கில் இசைப் பொறுப்பாளர். நம் ஊரில் நாடக இசையை இரண்டாந்தர வேலையாகப் பார்க்கிற மனப்பான்மை இன்னும் இருக்கிறது. விளாதிகெரொவ் நாடகத்துக்கு எழுதியதைக் குப்பையில் போடவில்லை. சுவீடன் நாடகாசிரியர் ஸ்ரின்ட்பேர்க்கின் ‘கனவு நாடகம்’ என்ற படைப்புக்குப் போட்ட இசையைத் திரட்டி ‘ஸ்கன்டிநேவியத் தொகுப்பு’ என்று கச்சேரிப் படைப்பாக்கினார். மேடையில் நடிகர் வசனம் பேச வேண்டிய இடத்தில் இசை அடங்க வேண்டும், காட்சி மாறும் அரை நிமிடத்துக்குள் நிறம் மாற வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு வாத்தியங்களைக் கையாளும் வேகத்தைக் கொடுத்தது என்றே நினைக்கிறேன். அவருடைய பிற்கால ஒபேராவிலும் பாலேயிலும் அந்தக் கை தெரிகிறது.

பெயரை நிலைநாட்டியது ‘வர்தார்’ றப்சொடி. 1922 இல் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதி, 1928 இல் முழு வாத்தியக்குழுவுக்கு மாற்றினார். ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடும். அதன் முதற் கருப்பொருள் ஆசான் ஹ்ரிஸ்தோவின் பாடலொன்றிலிருந்து எடுத்தது. பல்கேரியருக்கு இன்றைக்கும் உள்ளத்தோடு ஒட்டிய இசை இது. அதற்கு அடுத்து 1927 இல் ‘பல்கேரியத் தொகுப்பு’, 1931 இல் ஏழு பல்கேரிய நடனங்கள், 1934 இல் ‘ஷுமென்’ என்ற பியானோச் சிறு படைப்புகள், 1936 இல் ‘மன்னன் கலொயான்’ ஒபேரா, 1946 இல் ‘ஏரியின் கதை’ என்ற பாலே. பியானோ கொன்சேட்டோ ஐந்து, வயலின் கொன்சேட்டோ இரண்டு, சிம்பொனி இரண்டு. இரண்டாவது சிம்பொனி முழுக்க நரம்பு வாத்தியங்களுக்கு மட்டும். 1951 இல் ‘யூதக் கவிதை’ என்ற சிம்பொனிக் கவிதை.

1932 இல் பேர்லினை விட்டுச் சோஃபியா திரும்பினார். மறு வருடம் பெத்கோ ஸ்தாய்னொவ், லியூபொமிர் பிப்கொவ் முதலானோரோடு சேர்ந்து தற்கால இசைச் சங்கத்தை அமைத்தார். இந்த ஸ்தாய்னொவ் பார்வை இழந்தவர். அவருடைய ‘திரேஸ் நடனங்கள்’ தனியாகக் கேட்கத் தகுந்தவை. 1932 தொடக்கம் 1972 வரை விளாதிகெரொவ் சோஃபியா இசைக் கல்விக்கூடத்தில் பேராசிரியர். இன்று அந்தத் தேசிய இசைக் கல்விக்கூடமே அவர் பெயரில் இயங்குகிறது. பியானோ மேதை அலெக்சிஸ் வைசென்பேர்க் அவரிடம் படித்தவர். ஜாஸ் பியானோக் கலைஞர் மில்ச்சோ லெவியெவும் அவருடைய மாணவரே. அவர் அமெரிக்கா போய் ஜாஸ் கலைஞர் டொன் எலிஸின் குழுவில் சேர்ந்தார். அந்த டொன் எலிஸ் அதற்கு முன்பே ஹரிஹர் ராவ் என்ற இந்தியக் கலைஞரோடு சேர்ந்து ஹிந்துஸ்தானி ஜாஸ் குழு நடத்தியவர். தாளம் எங்கெங்கோ சுற்றி ஒன்றையொன்று சந்தித்திருக்கிறது. விளாதிகெரொவுக்கு 1968 இல் வியன்னாவின் ஹேர்டர் பரிசு. மறைவு 1978 செப்ரெம்பர் 8.

வாழ்க்கை இவ்வளவு போதும். அவர் தாளத்தையும் பண்ணையும் எப்படிக் கையாண்டார், அதிலிருந்து நம் சேர்ந்திசைக்கு என்ன எடுக்கலாம் என்பதே முக்கியம்.

ஏழெண்ணிக்கையை எட்டாக்கி நாலாலே வகுத்துக்கொள்ளும் வேலையை அவர் செய்யவில்லை. ஏழெண்ணிக்கையை அப்படியே எழுதி, நடத்துநர் கையில் மூன்று அடியாகக் கொடுத்தார். றச்செனிற்சாவை நடத்துகிறவர் மூன்றெண்ணிக்கைக்குக் காட்டுகிற அதே வடிவத்தைத்தான் காட்டுவார்: கீழே, பக்கத்தே, மேலே. மூன்றாவது அடி மட்டும் சற்று நீளும். அறுபது பேர் கொண்ட குழு ஒன்றாக நகர இது போதும். ஏழு அடியும் காட்டினால் அந்த வேகத்தில் கை நடுங்கும், குழு பிந்தும்.

நம் குழுக்களில் இது எங்கே உடைகிறது என்பதும் தெரிந்ததுதான். கடைசித் தகிட இரண்டு வழியில் கெடும். ஒன்று, சுருங்கி இரண்டாகும். அப்போது 2+2+2, வால்ஸ் நடனம்போல ஆகிவிடும். மற்றது, நீண்டு நாலாகும். 2+2+4, ஆதி தாளம்போல எட்டாகிவிடும். வேகம் கூடும்போது முதலாவதும், களைப்பு வரும்போது இரண்டாவதும் அதிகம் நடக்கும். சுற்றின் மொத்த நீளம் மாறாமலே உள்ளே விகிதம் மட்டும் மாறுவது இன்னும் மோசம். மெற்றோனோம் (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) சுற்றுக்கு ஒரு தட்டு என்று வைத்திருந்தால் அது இந்தப் பிழையைக் காட்டித் தராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சுற்றுக்கு ஒரு வினாடி என்ற வேகத்தில் வாசித்துக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பதிவை அலைவடிவமாகக் காட்டும் இலவசச் செயலிகள் பல உள்ளன. மூன்றாவது அடி, சுற்றுத் தொடங்கி 0.57 வினாடியில் விழ வேண்டும். 0.50 இல் விழுந்தால் நீங்கள் எட்டு வாசிக்கிறீர்கள். 0.67 இல் விழுந்தால் ஆறு. காதுக்குத் தெரியாத பிசகு திரையில் அப்படியே தெரியும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் வாக்குவாதம் இல்லாமல் திருத்தலாம்.

பழக்கும் ஒழுங்கு இப்படி இருந்தால் நல்லது. முதலில் வாத்தியத்தைத் தொடாமல், எல்லோரும் தக திமி தகிட என்று சொல்ல, கை மூன்றிடத்தில் மட்டும் தட்ட வேண்டும். நிமிடத்துக்கு முப்பது சுற்றில் தொடங்குங்கள். அது நின்றபின் சொல்லை மனத்துக்குள் வைத்துத் தட்டை மட்டும் தொடருங்கள். பிறகு அறுபது வரை படிப்படியாக ஏற்றுங்கள். வாத்தியம் எடுக்கும்போது மறுபடி முப்பதுக்கு இறங்க வேண்டும். இந்த இறக்கத்தை விடுகிற குழு மேடையில் தடுமாறும். மிருதங்கமோ தவிலோ வாசிப்பவர் முதல் வாரத்தில் ஒரு தீர்மானமும் (முடிப்புச் சொற்கட்டு) போடக்கூடாது. வயலின்காரரும் கீபோர்ட்காரரும் மூன்று அடியில் நிலைக்கும்வரை வெறும் சொல்லை மட்டும் வாசிப்பது உத்தமம். நம் தவில்காரர்களுக்கு இது கஷ்டமான விரதம்தான்.

வயலினில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு வில் என்று போட்டால் சுற்றில் மூன்று வில்: கீழ், மேல், கீழ். அடுத்த சுற்று மேல்வில்லில் தொடங்கும், அழுத்தம் தலைகீழாகிவிடும். ஒவ்வொரு அட்சரத்துக்கும் ஒரு வில் என்றால் ஏழு; அதுவும் ஒற்றை, அதே சிக்கல். தீர்வு: கடைசித் தகிடவின் முதல் இரண்டு அட்சரங்களை ஒரே வில்லில் கட்டுங்கள். மொத்தம் ஆறு வில்லாகும். ஒவ்வொரு சுற்றும் கீழ்வில்லிலேயே தொடங்கும். ஐந்துக்கும் அப்படியே: தக தகிட என்பதில் கடைசி மூன்றின் முதல் இரண்டைக் கட்டினால் நாலு வில். சம்மணமிட்டு வாசிக்கும் நம் வயலின்காரருக்கு வில்லின் முழு நீளமும் கிடைப்பதில்லை. ஆகவே வில்லின் நடுப்பகுதியில், குறுகிய ஓட்டத்தில் வாசிப்பது நல்லது.

தோல் வாத்தியத்தில் ஒரு நெருங்கிய ஒற்றுமை. பல்கேரிய நாட்டார் முரசு தப்பான். இருமுகம் கொண்டது, தோளில் தொங்கும். ஒரு முகத்தில் தடித்த தடியால் கனத்த அடி, மறு முகத்தில் மெல்லிய குச்சியால் சிதறிய அடி. நம் தவிலிலும் தொப்பியில் கழி, வலந்தலையில் விரற்கூடு. இரண்டு ஊரிலும் கனமான ஒலி தாளத்தின் தலையையும், மெல்லிய ஒலி உள்ளோட்டத்தையும் சுமக்கிறது. சிம்பொனிக் குழுவில் இந்த வேலை பெரிய ட்ரம்முக்கும் சைட் ட்ரம்முக்கும் போகிறது. நம் பாடசாலைகளின் பாண்ட் குழுக்களில் இவ்விரண்டும் ஏற்கனவே இருக்கின்றன. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு நாலெண்ணிக்கை நடை வாசித்த பிள்ளைகளுக்கு ஒரு தவணையில் இந்த ஏழெண்ணிக்கையைப் பழக்கலாம்: பெரிய ட்ரம் முதலாவது அட்சரத்தில் மட்டும், சைட் ட்ரம் மூன்றாவதிலும் ஐந்தாவதிலும். பிறகு சைட் ட்ரம்மில் மீதி அட்சரங்களை மெலிதாக நிரப்பலாம். நடந்துகொண்டு வாசிக்க முடியாது என்பதை மட்டும் உடற்கல்வி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று அடி; இடதுகாலும் வலதுகாலும் சுற்றுக்குச் சுற்று மாறிவிடும்.

கீபோர்ட்காரருக்கு இரண்டு சொல். தானியங்கித் தாளத்தை நிறுத்துங்கள். கீபோர்ட்டில் முன்பதிந்து வரும் தாளங்கள் பெரும்பாலும் நாலிலும் மூன்றிலும் ஆறிலும்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டு மேலே சாபு வாசிக்க முயல்வதுதான் “மேலைத்தேய வாத்தியம் தாங்காது” என்ற எண்ணத்துக்கே ஊற்று. குறை பெட்டிக்குள் பதிந்த தாளத்தில், வாத்தியத்தில் அல்ல. இரண்டாவது, கணினியில் இசைக்குறி எழுதுகிறவர்கள் 7/8 என்று மட்டும் போட்டு விடாமல், குறிகளின் வாலைக் கட்டும் கோட்டை இரண்டு, இரண்டு, மூன்றாகக் கையால் பிரித்துக் கட்ட வேண்டும். மென்பொருள் தன் இஷ்டத்துக்கு மூன்றை முன்னால் கட்டினால் படிப்பவர் மிஸ்ரசாபுவை வாசிப்பார், தவில்காரர் றச்செனிற்சாவை வாசிப்பார், முதல் சுற்றிலேயே சண்டை.

இனி பண். பல்கேரியப் பாடல்களில் ஸ ரி1 க3 ம1 என்ற அடுக்கு நிறைய வரும். நம் பிள்ளைகள் சரளிவரிசையில் பாடுகிற மாயாமாளவகௌளையின் பூர்வாங்கம் (முதற்பாதி). சிம்மேந்திரமத்திமத்தின் சாயலும் கிழக்கு ஐரோப்பிய இசையில் அரிதல்ல. இப்படிப்பட்ட பண்ணுக்கு மேலைத்தேயச் சுரக்கூட்டு, அதாவது பல சுரங்களை ஒருமித்து ஒலிப்பது, போடும்போது என்ன நடக்கிறது என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். ஒரு கட்டைச் சுருதியில், அதாவது சி யை ஸட்ஜமாக வைத்து மாயாமாளவகௌளை பாடப்படுகிறது. சுரங்கள் சி, டி பிளாட், ஈ, எஃப், ஜி, ஏ பிளாட், பி. கீபோர்ட்காரர் பழக்கதோஷத்தில் சி மேஜர், எஃப் மேஜர், ஜி மேஜர் என்று மூன்றையும் சுற்றுவார். சி மேஜர் சரி. எஃப் மேஜரில் சுத்தமான ஏ இருக்கிறது. பாடகரின் தைவதமோ ஏ பிளாட். ஜி மேஜரில் சுத்தமான டி இருக்கிறது. பாடகரின் ரிஷபமோ டி பிளாட். இரண்டு இடத்திலும் அரைச்சுரம் மோதும். சபையில் இருப்பவர் “பாட்டுக்காரர் சுருதி விலகிவிட்டார்” என்பார். பாவம், பாட்டுக்காரர் சரியாகத்தான் பாடினார்.

திருத்தம் இப்படி: எஃப் மேஜருக்குப் பதில் எஃப் மைனர். ஜி மேஜரைத் தொடவே வேண்டாம். முடிப்புக்கு டி பிளாட் மேஜரிலிருந்து சி மேஜருக்கு இறங்குங்கள். ரிஷபம் ஸட்ஜத்தில் இறங்கும் நம் பாணியையே அந்தக் கூட்டும் பின்பற்றுவதால் முடிப்பு உறுத்தாது. கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) நீளும் இடத்தில் கூட்டை நிறுத்திவிட்டு ஸட்ஜ பஞ்சமத்தை மட்டும் பிடித்தால் போதும்.

விளாதிகெரொவின் கூட்டுகள் இவ்வளவு எளிமையானவை அல்ல. பிந்திய றொமான்றிக் காலத்துப் பேர்லினில் படித்தவர்; ஏழாம், ஒன்பதாம் சுரம் ஏறிய செழுமையான கூட்டுகளை அள்ளிக் கொட்டுவார். என் அபிப்பிராயத்தில் சில இடங்களில் இது அளவுக்கு மிஞ்சுகிறது. முதலாவது பியானோ கொன்சேட்டோவில் பல்கேரியாவைவிட ரஷ்ய இசையமைப்பாளர் றஹ்மானினொவ்தான் அதிகம் கேட்கிறது. ஆனால் நாட்டார் பாட்டைத் தொடும் இடங்களில் அவர் ஒரு நுட்பத்தைக் கடைப்பிடிக்கிறார்: பாட்டு வரும்போது அதன் சுரம் துலங்கும்படி வைத்துக்கொண்டு, கனத்தை வாத்திய நிறத்திலும் உள்குரல்களின் அசைவிலும் சேர்க்கிறார். கமகத்தை அப்படியே பியானோவில் கொண்டுவர முடியாதென்பதால், நாட்டார் பாடகரின் தொண்டைச் சுழிப்பைச் சிறு முன்னொட்டுச் சுரங்களாக எழுதிவிடுகிறார். இழப்பு இருக்கிறது. ஆனாலும் பாட்டு அடையாளம் தெரியாமல் போகவில்லை.

சுருதி சேர்ப்பது பற்றியும் ஒரு வரி. நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும்; டி, டி ஷார்ப். ஊதிச் சூடேறும்போது சற்று உயரும். கீபோர்ட்டை டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும் வசதி) மூலம் அந்தக் கட்டைக்குக் கொண்டுவந்து, நாதஸ்வரம் ஐந்து நிமிடமாவது ஊதியபின் நுண்சுருதியைத் திருத்த வேண்டும். கீபோர்ட்டுக்கு நாதஸ்வரத்தைத் திருத்தப் பார்ப்பது வீண் முயற்சி. கிறிஸ்தவ ஆலயங்களில் உள்ள பழைய பியானோக்களோடு சேர்ந்து வாசிக்க எண்ணுபவர்கள் அந்தப் பியானோ எந்தச் சுருதியில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். கடற்காற்றும் ஈரமும் படுகிற இடத்தில் அது அரைச்சுரம் இறங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. கீபோர்ட்போல அதன் சுருதியை மேடையில் உடனே மாற்ற முடியாது, நாதஸ்வரத்தையும் முடியாது. அந்தச் சேர்க்கையைக் கைவிட்டு வயலினோடு போவதே புத்தி.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: 1970களில் பல்கன்ற்றோன் நிறுவனம் அவருடைய வாத்தியக்குழுப் படைப்புகளைப் பெருமளவில் பதிவு செய்தது. நடத்தியவர் மகன் அலெக்சாந்தர் விளாதிகெரொவ், வாசித்தது பல்கேரிய தேசிய வானொலி சிம்பொனிக் குழு. அண்மைக்காலத்தில் கப்ரிச்சியோ நிறுவனம் இவற்றை மறுவெளியீடு செய்திருக்கிறது, இணையத்திலும் கேட்கலாம். கொன்சேட்டோக்களில் தொடங்க வேண்டாம். முதலில் ‘வர்தார்’. அடுத்தது ‘பல்கேரியத் தொகுப்பின்’ கடைசிப் பகுதி, அது றச்செனிற்சா. கையில் மூன்று அடியைத் தட்டிக்கொண்டே கேளுங்கள். மூன்றாவதாக 1937 இல் எழுதிய மூன்றாவது பியானோ கொன்சேட்டோ. ஒபேராவுக்கு அவசரமில்லை.

வாசிக்க விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளாதிகெரொவ் 1978 இல் இறந்தவர். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டு வரை உரிமை நிற்கும். அவருடைய இசைக்குறியைப் போட்டோக்கொப்பி எடுத்து, நாதஸ்வரத்துக்கு மாற்றி, ரிக்கற் போட்டு மேடையேற்ற அனுமதி வேண்டும். நாட்டார் தாளங்களுக்கு யாரும் உரிமை கோர முடியாது. தக திமி தகிட எல்லோருக்கும் பொது. பியானோ படிக்கிற பிள்ளைகளுக்குப் பார்ட்டொக்கின் ‘மிக்றோகொஸ்மொஸ்’ இருக்கிறது. அவர் 1945 இல் இறந்ததால் இங்கே அந்தக் காலம் கடந்துவிட்டது. அதன் கடைசி ஆறு துண்டுகள், 148 முதல் 153 வரை, பல்கேரியத் தாள நடனங்கள். 149 ஆவது 2+2+3. 150 ஆவது ஐந்து. 152 ஆவது 2+2+2+3. இவை கடினம். கை தேறாதவர்களுக்கு அதே ‘மிக்றோகொஸ்மொஸ்’ வரிசையில் 113 ஆவது துண்டு ஏழெண்ணிக்கையில் எளிதாக இருக்கிறது. ஒருவர் 113 ஐ வாசிக்க, பக்கத்தில் ஒருவர் மிருதங்கத்தில் சொல்லை மட்டும் வாசித்தால், கட்டுரையாளர் சொன்ன “தாங்காது” என்பதை ஒரு மாலைப்பொழுதில் சோதித்துப் பார்த்துவிடலாம்.

வடபகுதிப் பரீட்சைகளுக்கும் பட்டப்படிப்புக்கும் ஒப்பீட்டு இசை என்று வரும்போது மொசார்ட், பேத்தோவன் பெயர்களோடு நின்றுவிடுகிறோம். அவர்களுடைய தாளம் நமக்குத் தூரம். தாளத்தால் நமக்கு அண்டையில் இருப்பவர் இந்த ஷுமென்காரர். பாடத்திட்டம் வகுப்போர் ஒரு அலகில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கினால், ஒரு மணி கேட்பதற்கும் ஒரு மணி தட்டிப் பழகுவதற்கும் போதும். செலவு ஒரு ஒலிபெருக்கி மட்டுமே. தங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை மேடையேற்றும் உருப்படியில், நிமிர்த்தாத மிஸ்ரசாபுவில் ஒரு பல்லவியாவது வைத்துப் பார்ப்பாராயின், ஒத்திகையில் மூன்றாவது அடி எங்கே விழுகிறது என்பதை இந்தப் பத்தியிலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
இணுவில்.